காற்றுக்குக் கொடுத்த நிலம்

சோங்-தலா ஊரில் போய் சைராகுல் வீடு எது என்று கேட்டால், எந்த சைராகுல் என்று திருப்பிக் கேட்பார்கள். காற்றுக்கு நிலம் கொடுத்தவள் என்று சொன்னால் போதும், கையை நீட்டி வழி காட்டுவார்கள். சிரித்துக்கொண்டேதான் காட்டுவார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழகிப்போய்விட்டது. குளிரும் அப்படித்தானே, பழகிவிடும். பழகியதால் குளிர் குறைந்துவிடாது.

அவள் அப்திகாதிருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். அவன் குதிரைக்காரன். கரா-பெல் கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள சரிவில் பனி ஆழமாகப் படியாது. ஊர்க் குதிரைகளெல்லாம் குளிர்காலம் முழுக்க அங்கேதான் பனியைக் காலால் கிளறிப் புல் தின்னும். யாராவது ஒருத்தர் கணவாய் தாண்டிப் போய், ஓநாய் அடித்ததா, குட்டிகள் இருக்கின்றனவா என்று பார்த்து வர வேண்டும். ஒரு மாசி மாதத்தில் அப்திகாதிர் அப்படிக் கிளம்பினான். காற்று இல்லை என்று வானொலி சொன்னது. வானொலி பொய் சொல்லவில்லை. அது சொன்னது இரண்டு மலைக்கு அப்பால் இருக்கும் பட்டணத்துக் காற்றை. கணவாய்க்குத் தனிக் காற்று, தனிக் குணம். பனி உருகிய பிறகுதான் அவன் உடல் கிடைத்தது. அப்போது அவர்கள் மகன் எலாமனுக்குப் பால்பல்கூட முழுதாக முளைக்கவில்லை.

எலாமன் வளர்ந்து ஆளானான். அந்த ஊர் ஆம்பிளைக்கு இரண்டே வழிதான், குதிரை இல்லையென்றால் ரஷ்யா. அவன் குதிரையைப் பிடித்துக்கொண்டான். அப்பன் போன அதே கணவாய், அதே மாசி. அவன் சேணம் பூட்டும் ஒவ்வொரு காலையிலும் சைராகுல் கணவாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. சோறு அதில்தான்.

அப்படி இருக்கும்போதுதான் பட்டணத்திலிருந்து தால்கத் என்று ஒரு இளைஞன் வந்தான். ஊருக்கு ஒரு வானிலைக் கருவி வைக்கப் போகிறார்களாம். காற்று, குளிர், மழை எல்லாவற்றையும் அதுவே அளந்து அனுப்புமாம். ஊர்க்காரர்கள் தங்கள் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். இடம் பார்க்க வந்திருக்கிறான். ஊர்த் தலைவர் முன்னால் நடக்க, பாதி ஊர் பின்னால் நடந்தது. கருவியை நம்பியா நடந்தார்கள்? அன்றைக்கு வேறு வேடிக்கை இல்லை.

"ஆபீஸ் கூரை மேல வையுங்க தம்பி. மேலதிகாரிங்க வந்தா கண்ணுல படும்" என்றார் தலைவர்.

"அதிகாரி கண்ணுல பட வேணாங்க, காத்து கண்ணுல பட்டாப் போதும். இது தகரக் கூரை. வெயில் அடிச்சா வறுசட்டி. ஜனவரிலயே உங்க ஊர்ல வசந்தம்னு சொல்லும்."

"சொல்லட்டுமே. கேக்கவாவது சூடா இருக்கும்."

பள்ளிக்கூட முற்றத்தைக் காட்டினார்கள். மூன்று பக்கமும் சுவர், போதாததற்குப் பையன்கள் பந்து உதைக்கும் இடம். தால்கத் தலையை ஆட்டினான். ஆற்றோரம் போனார்கள். பள்ளத்தில் குளிர் வந்து படுத்துக்கொள்ளும், ஆற்றின் குளிரை ஊரின் குளிர் என்று சொல்லிவிடும் என்றான். கடைசியில் யாரோ கல்லறை மேட்டைக் காட்டினார்கள். மேடு எல்லாக் காற்றையும் வாங்கும், ஊருக்குள் எது வருகிறது என்று அதற்குத் தெரியாது என்றான்.

"அதோட, அங்க படுத்திருக்கவங்களுக்கு வானிலை எதுக்கு? அவங்க எந்தக் கணவாய் தாண்டப் போறாங்க?" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

சொன்னவர் ஜுமாகாதிர், அப்திகாதிரின் அண்ணன். சைராகுல் அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை. அந்த ஊரில் மருமகளாக வந்தவள் புருஷனுக்கு மூத்தவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது, அவர்கள் முன்னால் முதுகைக் காட்டிக்கூட உட்காரக் கூடாது. அவளுக்கு அவர் 'பெரிய பைக்கே', பெரிய அண்ணன். அவ்வளவுதான்.

தம்பியைத் தின்ற கணவாயைப் பற்றி அவர் வேடிக்கை பேசியதும் சைராகுல் குனிந்துகொண்டாள். பிறகு என்ன தோன்றியதோ, தால்கத்தின் பக்கம் போய், "எங்க புல்லு நெலத்தப் பாக்குறீங்களா தம்பி? பள்ளத்தாக்கு வாயில இருக்கு" என்றாள்.

போய்ப் பார்த்தார்கள். தட்டையான நிலம். மரம் இல்லை, மதில் இல்லை. நேர் எதிரே கணவாய் திறந்து கிடந்தது. தால்கத் நடுவில் போய் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை முகம் மாதிரி அவன் முகம் மலர்ந்தது.

"எஜே, இந்த மாதிரி எடம் நான் எந்த ஊர்லயும் பாக்கல" என்றான். தன்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிட்டான். "ஆனா ஒண்ணு சொல்லணும். சுத்தி ஒசரமா எதுவும் வரக் கூடாது. மரமோ சுவரோ எது வந்தாலும், அது எவ்வளவு ஒசரமோ அதுல பத்து மடங்கு தள்ளித்தான் நிக்கணும். இல்லாட்டி காத்து தடுக்கும். கருவி குருடாப் போயிரும்."

அந்த நிலம் மாமனார் காலத்தில் ஒன்று. பிறகு நடுவே ஒரு கயிற்றைப் பிடித்து இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்தார்கள். கணவாய்ப் பக்கத்துப் பாதி ஜுமாகாதிருடையது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்குறீங்க? என் நெலத்துல புல்லு மொளைக்கும், என் கழுதை மேயும். கழுதைய விட ஒசரமா எதுவும் நிக்காது, போதுமா?" என்றார் அவர். மடியிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்தார். ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். ரொட்டி சாட்சியாகச் சொன்ன சொல்லுக்கு மேல் சொல் கிடையாது.

சைராகுலின் பாதிக்கு நடுவில் வேலி போட்டுக் கம்பம் நட்டார்கள். கம்பத்தின் உச்சியில் காற்றை அளக்கச் சுழலும் கிண்ணங்கள், கீழே வெள்ளைத் தட்டு அடுக்கிய பெட்டி, மழைக்கு ஒரு வாளி, மின்சாரத்துக்கு ஒரு சூரியத் தகடு. சுற்றிப் புல் வளரக் கூடாது என்பதால் மாட்டுக்குத் தீவனம் இல்லாமல் போயிற்று. சைராகுல் மாட்டை விற்றாள். கறந்த பால் குடித்த வீடு, பக்கத்து வீட்டில் பால் கேட்டு நின்றது.

"காத்தக் கறந்து டீ போட்டுக் குடிக்கப் போறியாடி?" என்று கேலி செய்தாள் ஜுமாகாதிரின் மனைவி உம்சுனாய். சைராகுல் பார்த்தது பாலை அல்ல. கிளம்புகிற காலையில் எலாமன் கைபேசியைத் தடவிப் பார்ப்பான். சில நாள் சேணத்தைத் திரும்பக் கழற்றி மாட்டிவிட்டு, "இன்னிக்கு வேணாம்மா, மேல அடிக்குது" என்பான். அந்த ஒரு வார்த்தைக்குப் பத்து மாட்டைக் கொடுக்கலாம்.

பனி கொட்டினால் முதல் ஆளாக அவள்தான் போவாள். குதிரைவால் துடைப்பத்தால் சூரியத் தகட்டைத் துடைப்பாள், வாளியின் வாயைச் சுரண்டுவாள். கிண்ணங்கள் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். யாரும் சம்பளம் தரவில்லை. யாரும் செய்யச் சொல்லவும் இல்லை.

அப்புறம் ஜுமாகாதிருக்குப் பேரன் பிறந்தான்.

மூன்று பேத்திகளுக்குப் பிறகு வந்த பேரன். செய்தி கொண்டு ஓடிவந்தவனுக்குத் தலையில் இருந்த குல்லாவைக் கழற்றிக் கொடுத்தார், தோளில் கிடந்த கம்பளிச் சட்டையைக் கொடுத்தார், இன்னும் கொஞ்ச நேரம் அவன் நின்றிருந்தால் கால்சட்டையும் போயிருக்கும். தெருவில் போனவரை எல்லாம் இழுத்து உட்கார வைத்து இறைச்சி போட்டார். குழந்தையின் பெயர் அய்தார். "மூக்கப் பாத்தியா? என் மூக்கு. காதப் பாத்தியா? என் காது" என்று வீடு வீடாகச் சொன்னார். பேரன் பிறந்த வீட்டில் புத்தி செருப்போடு சேர்ந்து வாசலுக்கு வெளியேதான் நிற்கும். யாரைக் குறை சொல்ல? அந்தச் சிவந்த முட்டியை, கைக்குள் அடங்குகிற அந்தக் குட்டிப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தபோது சைராகுலுக்கே நெஞ்சு கரைந்துபோயிற்று.

ஆண்பிள்ளை பிறந்தால் அங்கே தெரெக் மரம் நடுவார்கள். அது கிளை விரிக்காது. நேராக வானத்தைப் பார்த்து நெடுநெடுவென்று ஏறும். பையன் மீசை முளைத்துக் கல்யாணத்துக்கு நிற்கும்போது மரமும் முற்றி நிற்கும். அதை வெட்டி அவன் வீட்டுக்கு உத்தரம் போடுவார்கள். தன் மரம் தலைக்கு மேல் இல்லாத வீட்டில் தூக்கம் வராது என்பார்கள். நட்ட அன்று குடும்பத்துப் பெரியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வாளி தண்ணீர் ஊற்றி வாழ்த்த வேண்டும். வாழ்த்திய மரத்தை வேளைக்கு முன்னால் தொட்டால் அது பிள்ளையைத் தொட்ட மாதிரி.

சைராகுலையும் கூப்பிட்டார்கள். ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு சிரித்த முகமாகப் போனாள். எங்கே நடுகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. வாய்க்கால் ஓரம் என்று நினைத்திருந்தாள். போய்ப் பார்த்தால் புல்நிலத்து எல்லை. இரண்டு பாதிக்கும் நடுவே, கணவாயை மறித்து, நெருக்கமாகக் குழி வெட்டியிருந்தார்கள். விரல் தடிமன் குச்சிகள், வரிசையாக.

ரொட்டியைக் கையில் வைத்தபடியே அவள் கணவாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெரிய பைக்கே..." என்றாள்.

"என்னம்மா?"

அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். பக்கத்தில் குழந்தையின் தகப்பன் மிர்லான், வந்த சம்பந்தக்காரர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள். இவர்கள் முன்னால் ஒரு மருமகள், அதுவும் விதவை, பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் இங்கே நடாதீர்கள் என்று எப்படிச் சொல்வாள்? கண் வைத்தாள் என்பார்கள். வெறும் குச்சிதானே, இப்போதைக்குக் கழுதையைவிடக் குள்ளம்தானே, அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனம் சமாதானம் சொன்னது.

"ஊத்துடி. உனக்குக் கைராசி உண்டு. நீ தொட்ட வெங்காயத்தாள்கூட முழங்கால் ஒசரம் வளருது" என்று உம்சுனாய் வாளியை நீட்டினாள்.

சைராகுல் வாங்கி ஊற்றினாள். முதல் குச்சியிலிருந்து கடைசிக் குச்சி வரைக்கும். பிறகு இரண்டு கையையும் ஏந்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"வானத்தத் தொட்டு வளரட்டும். ஒரு காத்துக்கும் சாயாம நிக்கட்டும்."

"ஓமின், அப்படியே ஆகட்டும்" என்று கூட்டம் முகத்தைத் தடவிக்கொண்டது.

அந்த அப்புறம் வரவே இல்லை. முதல் வருஷம் குச்சி, இரண்டாம் வருஷம் சாட்டை. அதற்குப் பிறகு அவை அவளைக் கேட்டு வளரவில்லை. ஒருநாள் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு உம்சுனாயிடம் மெதுவாகப் பேச்செடுத்தாள், மரத்தைப் பிடுங்கி வாய்க்கால் ஓரம் மாற்றி நட்டால் என்ன என்று. உம்சுனாய் அப்படியே எழுந்து நின்றுவிட்டாள்.

"அய்தாருக்கு இப்பத்தான் அம்மை எறங்கியிருக்கு. இப்பப் போயி அவன் மரத்தப் பிடுங்கச் சொல்றியா? உனக்கு நாக்குல எலும்பு இல்லையா?"

அய்தார் நடக்கத் தொடங்கி ஓடத் தொடங்கினான். மரங்கள் கருவியின் கம்பத்தை எட்டிப்பிடித்துத் தாண்டின. இலைக்காலத்தில் அவை சலசலக்கும், கிண்ணங்கள் சும்மா இருக்கும். இலை உதிர்ந்த பிறகும் அவ்வளவு நெருக்கமான தண்டுகள் வேலி மாதிரி காற்றை வாங்கிக்கொண்டன. சைராகுலுக்கு அது தெரிந்தது. உச்சிகள் வளைந்து ஆடும்போது கிண்ணங்கள் தூங்கி வழிந்ததை அவள் தினம் பார்த்தாள். எலாமனிடமும் சொன்னாள்.

"அத முழுசா நம்பாதடா."

"நீதானேம்மா நெலத்தக் குடுத்து வெச்ச. இப்ப நீயே நம்பாதங்கற" என்று சிரித்தான். இளரத்தம். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தாயின் கண்ணை எவன் நம்புவான்?

ஒரு மாசிக் காலை. கைபேசி, காற்று இல்லை என்றது. எலாமன் கிளம்பினான். உச்சி வெயில் சாயுமுன் கணவாய் வெள்ளையாக மூடிக்கொண்டது. சைராகுல் கம்பத்தடியில் போய் நின்றாள். மரங்களுக்கு அந்தப் பக்கம் பனி கிடையாகப் பறந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் கிண்ணங்கள், சோம்பேறி மருமகள் தயிர் கடைகிற மாதிரி, இரண்டு சுற்றுச் சுற்றி நின்றன. அவள் அந்தக் கம்பத்தைக் கையால் அறைந்தாள்.

எலாமன் பிழைத்தான். குதிரை வழி கண்டுபிடித்துக் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் வலது கை விரல்கள் கறுத்துப்போயிருந்தன. ஆஸ்பத்திரியில் இரண்டை எடுத்துவிட்டார்கள். கடிவாளம் பிடிக்கிற கை.

கட்டுப் பிரித்த அன்று சைராகுல் தலைமுக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜுமாகாதிர் வீட்டுக்குப் போனாள். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

"பெரிய பைக்கே, நீங்க ரொட்டி பிச்சுச் சொன்னீங்க. கழுதைய விட ஒசரமா எதுவும் நிக்காதுன்னு."

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அவரை நேருக்கு நேராகப் பார்த்துப் பேசினாள். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சொன்னேன். அப்ப எனக்குப் பேரன் இல்ல."

"எலாமனும் உங்க தம்பி புள்ளதான். அவன் விரலப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பாத்துட்டு ராத்திரி பூரா தூங்கல. ஆனா அதுக்கு மரம் என்ன பண்ணும்? கணவாய்க்குப் போறவன் மலையப் பாத்துப் போகணும். கைல இருக்குற பொட்டியப் பாத்தா போவான்? எங்க தாத்தனெல்லாம் பொட்டி வெச்சா பொழைச்சான்?"

"உங்க தம்பி பொட்டி இல்லாமத்தான் செத்தாரு."

அவர் தேநீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு கோபமே இல்லாத குரலில், அதுதான் அவளைக் கொன்றது, சொன்னார்:

"நீயும்தானே ஊத்துன பொண்ணே? வானத்தத் தொட்டு வளரட்டும்னு வாழ்த்துன. நான் கோடாலி எடுத்துத் தரேன். நீ வாழ்த்துனத நீயே வெட்டு. அந்தப் புள்ளைக்கு நாளைக்குக் காய்ச்சல் வந்தா அதையும் நீயே பாத்துக்க."

அவர் உண்மையாகவே கோடாலியை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்து அறையில் அய்தார் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவள் கோடாலியைத் தாண்டி வெளியே நடந்தாள்.

அந்த வசந்தத்தில் தால்கத் கருவியைச் சோதிக்க வந்தான். அவனுக்கும் தலையில் நரை தட்டியிருந்தது. மர வரிசையைப் பார்த்ததும் வண்டிக் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

"எஜே, என்ன இது?"

"என் கைராசி" என்றாள் சைராகுல்.

அவன் தலையைச் சொறிந்தான். "மரத்த எடுத்துருவாங்களா? எடுத்தா இங்கயே இருக்கட்டும்னு நான் மேல பேசுறேன். இல்லாட்டி சும்மா விட்டுட்டுப் போறேன். எண் வந்துகிட்டிருக்குல்ல, பட்டணத்துல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உங்களுக்கு அதுமேல எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும்."

அவள் கம்பத்தைப் பார்த்தாள். துடைத்துத் துடைத்துத் தகட்டின் ஓரத்தில் அவள் கைபட்ட இடம் பளபளவென்று இருந்தது.

"எடுத்துட்டுப் போயிருங்க தம்பி" என்றாள். "ஒண்ணும் இல்லாதப்ப எங்க ஆளுங்க மலைய அண்ணாந்து பாத்தாங்க. இப்ப இதக் குனிஞ்சு பாக்குறாங்க. பொய் சொல்ற பொட்டி எமன விட மோசம். இன்னொருத்தி புள்ளையும் போக வேணாம்."

அவிழ்த்து வண்டியில் ஏற்றினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு ஊரில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நிலத்தின் நடுவில் நான்கு சிமென்ட் மேடை மட்டும் மிஞ்சியது. ஊர்த் தலைவர், தான் அன்றைக்கே கூரை மேல் வைக்கச் சொன்னதைப் போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த இலையுதிர்காலத்தில் மிர்லானுக்கு ரஷ்யாவில் நிரந்தர வேலை கிடைத்தது. பெண்டாட்டியை, பெண்களை, அய்தாரை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கேயே மாடி வீடு எடுத்தாயிற்று, பையன் அங்கேயே படிப்பான், ஊரில் வீடு கட்டுகிற எண்ணம் இல்லை என்று தொலைபேசியில் சொன்னான். ஜுமாகாதிர் சில வாரம் எல்லையில் போய் மரங்களை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உத்தரத்துக்கு இன்னும் முற்றவில்லை. வீடே வேண்டாம் என்றவனுக்கு உத்தரம் எதற்கு என்று மரப்பெட்டி செய்கிற மில்லுக்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டார், அவன் லாரி கொண்டுவந்தான். ரம்பம் ஒரு நாள் முழுக்க அழுதது. சாயங்காலம் எல்லையில் ஒன்றுமே இல்லை. கணவாய், அன்றைக்கு தால்கத் சுற்றிப் பார்த்தபோது இருந்த மாதிரியே, நேர் எதிரே திறந்து கிடந்தது.

சைராகுல் தால்கத்துக்குத் தொலைபேசி போட்டாள்.

"அந்த மாதிரி எடம் எனக்கு இன்னும் கெடைக்கலதான் எஜே" என்றான் அவன். "ஆனா அங்க ஊனியாச்சு. திரும்பப் பிடுங்க விட மாட்டாங்க. உங்க ஊர்னு சொன்னாலே, அங்க மரம் வெப்பாங்கப்பான்னு சிரிக்கிறாங்க."

முதல் பனி விழுந்த காலையில் ஜுமாகாதிர் கழுதையை ஓட்டிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார். கழுதை முதுகில் தெரெக் கிளைகள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரே வருஷத்தில் அவர் கூனிப்போயிருந்தார்.

"அடுப்புக்கு ஆகும். வெச்சுக்க" என்றார். "நீயும்தானே தண்ணி ஊத்துன. உனக்கும் பங்கு உண்டு."

குத்திக்காட்டுகிறாரா, மன்னிப்புக் கேட்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்ததா என்பதும் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. மூத்தவர் கொண்டுவந்து கொடுத்தது. இறக்கி வைத்துக்கொண்டாள்.

தெரெக் விறகு மடமடவென்று பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் நிறைய, சூடு நிற்காது. அவள் ஒவ்வொன்றாக ஒடித்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தபோது, எலாமன் மிச்சம் இருந்த விரல்களால் சேணத்து வாரை இழுத்துக் கட்டிவிட்டு வாசலில் வந்து நின்றான்.

"காத்து எப்படிம்மா இருக்கு?"

சைராகுல் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கென்னடா தெரியும்? போயி நம்ம நெலத்துல நின்னு பாரு. இப்ப அங்க நல்லாத் தெரியும்."